மூன்று நிலை வரை காட்டு

தம்பி பொருளடக்கத்தை மூன்று நிலையோடு நிறுத்திக்கொண்டதால், செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து நான் யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நகராட்சி இணையதளத்தில் ஒரு பக்கம் உண்டு. பக்கத்தின் மேலே பொருளடக்கம் இருக்கும். வீட்டின் பெயர் முதல் நிலை, அதற்குக் கீழே வீட்டில் இருப்பவர்கள். அதில் யார் பெயர் தெரிகிறதோ அவர்கள் தெருவிலும் தெரிவார்கள். மற்றவர்கள் இருப்பார்கள், தெரிய மாட்டார்கள். அதை இடப்பக்கம் வைப்பதா வலப்பக்கம் வைப்பதா, என்ன நிறம், எண் போடுவதா புள்ளி வைப்பதா, எத்தனை நிலை வரை காட்டுவது என்பதெல்லாம் குடும்பத் தலைவரின் இஷ்டம். எதிர்வீட்டு ஆடிட்டர் தன் பொருளடக்கத்துக்கு ரோமன் எண் போட்டிருக்கிறார். அதனால் அவர் பிள்ளைகள் கொஞ்சம் விறைப்பாக நடப்பார்கள்.

என் பெயர் மங்கையர்க்கரசி. வயது ஐம்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. அப்பா போனபோது தம்பி திருஞானம் ஒன்பதாம் வகுப்பு. அவனைப் படிக்க வைத்து, வேலையில் சேர்த்து, சுகுணாவைக் கட்டி வைத்து நிமிர்ந்தபோது எனக்கு மாப்பிள்ளை தேட வேண்டிய ஆட்கள் எல்லாரும் செத்துப் போயிருந்தார்கள். இதைச் சொல்லி அழ வரவில்லை. யார் யார் எந்த நிலையில் என்று சொன்னால்தான் மேலே சொல்வது விளங்கும்.

எங்கள் பக்கத்தைத் தட்டச்சு செய்தவளே நான்தான். அப்போது பத்திர எழுத்தர் ஒருவரிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒரு பக்கத்தில் ஐந்து தலைப்பாவது இருந்தால்தான் பொருளடக்கம் வரும் என்பது நகராட்சி விதி. வீட்டுக்கு அப்பா வைத்த பெயர் மரகதம். அது ஒன்று. தம்பி, சுகுணா, நான். மொத்தம் நாலுதான் தேறியது. சிலர் இதற்காக நாயின் பெயரைச் சேர்ப்பார்கள். எங்களிடம் நாய் இல்லை, ஆகவே அடுப்படியைச் சேர்த்தேன். மரகதம் முதல் நிலை, திருஞானம் இரண்டாம் நிலை, சுகுணாவும் அடுப்படியும் மூன்றாம் நிலை. கடைசியில் என் பெயர். இரண்டாம் நிலையில் போட்டுப் பார்த்தேன். அந்த எழுத்துப் பருமனில் என் பெயர் இரண்டு வரிக்குப் போய், தம்பியின் பெயரை விடப் பெரிதாக உட்கார்ந்துகொண்டது. கூச்சமாக இருந்தது. எழுத்து சின்னதாகட்டும் என்று நான்காம் நிலைக்கு இறக்கினேன். அடக்கமாக, பார்க்க லட்சணமாக இருந்தது. பிறகு நித்திலா பிறந்தாள். தம்பியே உட்கார்ந்து எனக்குக் கீழே மூன்றாம் நிலையில் அவள் பெயரைத் தட்டினான். அந்தப் பட்டியலோடு இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது நித்திலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து ஊர்க்காரர்கள், நல்ல மாதிரி, தினமும் ஒரு தடவை எங்கள் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார்கள் என்று கேள்வி. திங்கட்கிழமை மாலை நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே திருஞானம் சொன்னான்:

"அக்கா, பட்டியல் ரொம்ப நீளமா இருக்கு. பார்க்கறதுக்கு நல்லா இல்ல. மூணு நிலையோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன்."

"நான் நாலாம் நிலைடா."

"கல்யாணம் முடியட்டும்கா, திறந்து விட்டுடறேன். ஒரு வாரம்தானே."

டம்ளரைக் கழுவித் தருகிறேன் என்று வேறு சொன்னான். அவ்வளவு மரியாதை. அவன் கழுவவில்லை, நான்தான் கழுவினேன்.

செவ்வாய்க்கிழமை காலை இட்லி அவித்து வைத்தேன். எல்லாரும் சாப்பிட்டார்கள். இட்லி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அது நான் தெரிந்த காலத்திலும் யாரும் கேட்டதில்லை என்பதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தோன்றவில்லை. கீரைக்காரி என்னைத் தாண்டி அடுப்படியைப் பார்த்து, "வீட்ல யாருமில்லையா?" என்று கத்திவிட்டுப் போனாள். சுகுணா நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் துவைத்த துணியைப் போட்டாள். துணிக்கு அடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நித்திலா மட்டும் மத்தியானம் சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு தட்டு வைத்து அதில் ரசம் சோறும் அப்பளமும் வைத்தாள். எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் வலப்பக்கம் இருந்தேன், அவள் தட்டை இடப்பக்கம் தள்ளினாள். "அத்தை, அப்பளம் நமுத்துடும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு எண்ணெய் தேய்த்து, பேன் பார்த்து, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குக் கூடவே விழித்திருந்து வளர்த்தவள் நான். பெற்றது சுகுணா, அதை இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தாலி ஏறியதும் மணப்பெண் கூட்டத்தை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாளே, அப்போது நான் அவள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பட்டுப்புடவை வேண்டாம், முன்வரிசை நாற்காலி வேண்டாம், பத்திரிகையில் பெயர்கூட வேண்டாம்.

புதன்கிழமை நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பேருந்தில் என் மடிமேல் ஒருவர் உட்கார்ந்து வந்தார். மறைந்தவர்களுக்கான பிரிவு அலுவலகத்தின் பின்பக்கம், சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி இருக்கிறது. மறைந்தவர்கள் மறைந்தவர்களுக்குத் தெரிவார்கள். ஆகவே அங்கே நல்ல கூட்டம். இரண்டு தடவை பரீட்சையில் தவறிய ஒரு மகன், வீட்டோடு வந்து தங்கிவிட்ட ஒரு மைத்துனன், முதல் தாரங்கள் ஐந்தாறு பேர். ஒருவருக்கொருவர் தெரிகிற சந்தோஷத்தில் எல்லாரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த எழுத்தர் சவரிமுத்துவும் மறைந்தவர்தான். இல்லாவிட்டால் எங்களைப் பார்த்து மனு வாங்க முடியாது. அதற்காகவே நகராட்சி தன் ஊழியர் பட்டியலில் அவரை ஐந்தாம் நிலையில் வைத்திருக்கிறது.

அவர் எங்கள் பக்கத்தைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அடுப்படிக்குக் கீழே இருக்கீங்களேம்மா?"

"அதுக்கு அப்புறம் எழுதினேன். அதனால."

"நாலாம் நிலை எதுக்குப் போட்டீங்க?"

"எழுத்து சின்னதா இருக்கட்டும்னு."

சவரிமுத்து பேனாவை மேசையில் வைத்தார். "எழுத்து சின்னதா வேணும்னா எழுத்தோட அளவைக் குறைச்சிருக்கணும்மா. நீங்க நிலையைக் குறைச்சுட்டீங்க. ரெண்டும் வேற வேற. நிலையைக் குறைச்சா, மேல எது இருக்கோ அதுக்கு அடியில போயிடுவீங்க."

"அப்போ தெரியலை."

"எல்லாரும் இதைத்தான் பண்றாங்க. பொம்பளைங்கதான் அதிகம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் தட்டச்சுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, தன் பெயர் பெரிதாகத் தெரிகிறதே என்று வெட்கப்பட்ட அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நாலு அறை விட வேண்டும்போல் இருந்தது.

திருத்த மனு போடலாம் என்றார் அவர். எத்தனை நிலை காட்டுவது என்பது குடும்பத் தலைவரின் உரிமை, அதில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் எந்த நிலையில் இருப்பது என்பது அவரவர் உரிமை.

"அப்படின்னா மூணாம் நிலை போட்டுடுங்க. ஒரு படி ஏறினா போதும்."

"திருத்தம்னா சரியானதுக்குத்தான் திருத்த முடியும். கூடப் பிறந்தவங்க ரெண்டு பேரும் ஒரே நிலை. நீங்க இரண்டாம் நிலை. ஆனா ஒண்ணு. உங்களுக்கு அடுத்து மூணாம் நிலையில ஒரு பெயர் இருக்கே, நித்திலான்னு. நீங்க இரண்டாம் நிலைக்கு ஏறினா அது உங்களுக்குக் கீழே வந்துடும்."

"எனக்குக் கீழேன்னா?"

"உங்க பொண்ணா."

நித்திலாவை எனக்கு மேலே, தம்பிக்கு அடியிலேயே மாற்றி வைக்க முடியாதா என்று கேட்டேன். வரிசையை மாற்றுவதற்குத் தலைவர் கையெழுத்து வேண்டுமாம். தலைவர் கண்ணுக்கு நான் தெரிந்தால்தானே கையெழுத்துக் கேட்பது. சவரிமுத்து மனுவையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்திவிட்டு, தேநீர் குடிக்க எழுந்து போனார். யோசித்தேன். மேலே மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றியது, அது ஒரு சுற்று முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நல்லவள் என்று பெயர் வாங்கியாயிற்று, அது நான்காம் நிலையில் கிடக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்தபோது நித்திலா என்னை நேராகப் பார்த்தாள்.

"அம்மா, என் பச்சை துப்பட்டா எங்க?"

"கொடியில காயுது" என்றேன்.

"மாமா, சார்ஜரை எடுத்துட்டுப் போயிடாதீங்க" என்று திருஞானத்திடம் சொன்னாள். சுகுணாவை அத்தை என்று கூப்பிட்டாள். ஒன்றும் விபரீதமாக இல்லை. உறவுமுறை கச்சிதமாகப் பொருந்தியது. பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று பாயசம் வைத்தேன். கீரைக்காரி, "என்னம்மா, ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

வியாழக்கிழமை சுகுணா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"பெத்தவ நான், அண்ணி" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

அவள் திரும்பிப் போனாள். பீன்ஸை மட்டும் அன்று ரொம்பப் பொடியாக நறுக்கிவிட்டேன்.

திருஞானம் அப்படித் திரும்பிப் போகிறவன் இல்லை. வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்த கையோடு பிடித்துக்கொண்டான்.

"என் பொண்ணை நீ எடுத்துக்கிட்டே."

"அவளை எனக்கு அடுத்து எழுதினது நீதான்."

"கல்யாணத்துல நான் தாய்மாமன் சீர் செய்யணுமாம். ஐயர் போன் பண்ணிச் சொல்றாரு. என் பொண்ணுக்கு நான் மாமன்!"

"செய். ஒரு மாலை, ஒரு புடவை. பெரிய பாரமா?"

"நாலாம் நிலையில இருந்தப்போ நீ இப்படிப் பேச மாட்டே."

"அப்போ நீ கேட்க மாட்டே" என்றேன்.

அவன் கைப்பேசியை எடுத்தான். மூன்று நிலை வரை காட்டினால் நான் தெரிவேன். இரண்டு நிலை என்று வைத்தால் நித்திலா மறைந்துவிடுவாள், நான் அப்போதும் தெரிவேன். என்னை மறைக்க வேண்டுமென்றால், எனக்குச் சமமாக இரண்டாம் நிலையில் இருக்கும் தன்னையும் மறைத்துக்கொள்ள வேண்டும். என் தம்பி கணக்கில் கெட்டிக்காரன், இதெல்லாம் அவனுக்கு நொடியில் விளங்கிவிட்டது. ஒன்று என்று வைத்துச் சேமித்தான்.

அதோடு பொருளடக்கத்தில் மரகதம் என்ற ஒரே ஒரு பெயர் மட்டும் நின்றது.

அடுத்த நிமிடமே அவனுக்குப் புத்தி வந்தது. திரும்ப மூன்றாக்கலாம் என்று பார்த்தான். கைப்பேசி அவன் முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினான். முகம் தெரியவில்லை என்றது. நகராட்சிக்கு ஓடினான். எத்தனை நிலை காட்டுவது என்று மாற்றித் தரும் வேலை அலுவலகத்தின் முன்பக்கத்தில் நடக்கிறது, முன்பக்கத்தில் இருப்பவர்களுக்கு மறைந்தவர்களைத் தெரியாது. பின்பக்கம் போனால், காட்டும் வேலை தன் கையில் இல்லை என்று சவரிமுத்து சொல்லிவிட்டார். சாயங்காலம் திரும்பி வந்து அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். இப்போது நால்வருமே மறைந்தவர்கள் என்பதால் எங்களுக்குள் நன்றாகவே தெரிந்தோம். சாப்பாடு போட்டேன். சாப்பிட்டுவிட்டு, தன் தட்டைத் தானே கழுவினான். என்ன பிரயோஜனம்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். மண்டபம் பிடித்திருந்தோம். நித்திலா அரக்குப் பட்டில் தயாராக இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துக்குப் போகவில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், பொருளடக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்தானே பெண். மேளதாளத்தோடு நேராக எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நாங்கள் நால்வரும் எங்கள் இடத்தை விட்டுக் கொடுத்து, முருங்கை மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டோம்.

மாப்பிள்ளையின் அப்பா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை ஒரு தடவை சுற்றி வந்து, சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"மூலையெல்லாம் நேரா இருக்கு. இந்தக் காலத்துல இப்படி அமையறது கஷ்டம்."

"கொஞ்சம் பருமன்தான். ஆனா நல்ல காத்தோட்டம்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

மாப்பிள்ளை கூச்ச சுபாவம். ஜன்னல் பக்கம் குனிந்து ஏதோ கேட்டார். ஜன்னல் லேசாகச் சாத்திக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். ஐயர் மந்திரம் சொன்னார். மாப்பிள்ளை வாசல் கதவின் கைப்பிடியில் தாலியைக் கட்டி இரண்டு முடிச்சுப் போட, மூன்றாவது முடிச்சை அவர் தங்கை போட்டாள். கீழ்ப்படிக்கு அடியில் அம்மியை நகர்த்தினார்கள், வீடு மிதித்தது. பெண் வீட்டார் யாரையும் காணோமே என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்ணே வீடாக இருக்கும்போது தனியாகப் பெண் வீட்டார் எதற்கு.

நாங்களும் அட்சதை போட்டோம். நித்திலா மாலையைக் கழுத்திலிருந்து எடுக்காமல் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நான் தெரியறேனா?"

"எனக்குத் தெரியறே."

"நீயும் எனக்குத் தெரியறே" என்றாள்.

நான் கேட்டது இதைத்தான். தாலி ஏறியதும் அவள் திரும்பிப் பார்க்க வேண்டும், நான் தெரிய வேண்டும். கேட்டபடியே கிடைத்தது. கிடைத்த அன்று நான் அழுததுபோல் அப்பா செத்த அன்றுகூட அழவில்லை. என் வாயில் தீயை வைக்க, கேட்கும்போது கொஞ்சம் விவரமாகக் கேட்டிருக்கக் கூடாதா?

மூன்று மணிக்கு மேல் நல்ல நேரம் பார்த்து வீட்டை அழைத்துக்கொண்டு போனார்கள். தெருவில் மின்கம்பிகளை மூங்கிலால் தூக்கிப் பிடித்தார்கள், தேர் வரும்போது பிடிப்பது போல. ஆடிட்டர் தன் ரோமன் எண் பிள்ளைகளோடு வாசலில் நின்று கும்பிட்டார். தெருமுனையில் திரும்புவதற்கு முன்னால் வீடு நின்று, ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. மாடிக் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டியது. அது யாரைப் பார்த்து அழுதது என்று எனக்குத் தெரியும். அதைப் பெருக்கி, மெழுகி, ஒட்டடை அடித்து, விரிசலுக்குச் சுண்ணாம்பு பூசியது யார்? திருஞானம் தன்னைத்தான் பார்த்தது என்கிறான். சொல்லிக்கொள்ளட்டும்.

அடுப்படி மட்டும் போகவில்லை. அது மூன்றாம் நிலை, அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். காலி மனையின் நடுவில் நான்கு சுவரும் புகைக்கூண்டுமாக நின்றது. நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்தோம். நித்திலா மாலையைக் கழற்றி அரிசி டப்பாவின் மேல் வைத்தாள். சுகுணா அவள் தலையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "மெதுவா, அத்தை" என்றாள் நித்திலா. சுகுணா மெதுவாக எடுத்தாள்.

திருஞானம் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னான்:

"அக்கா, மூணாம் நாள் மறுவீட்டுக்கு வருவாங்களே."

"வருவாங்க."

"வீட்டை எங்க உட்கார வைக்கறது?"

"இங்கதான். வேற எங்க இருக்கு?"

அவன் எழுந்து பாத்திரங்களை ஒரு பக்கமாக ஒதுக்கி இடம் பண்ணினான். நான் சாமான்களைப் பார்த்தேன். வீடு எவ்வளவு சாப்பிடும் என்று தெரியவில்லை, எதற்கும் எட்டுப் படி அரிசி எடுத்து வைத்தேன். குழம்புப் பொடிக்கு மிளகாயை அளக்கும்போது, வீட்டுக்குக் காரம் ஆகாது என்றாள் சுகுணா. எனக்கு எது ஆகும், எது ஆகாது என்று இத்தனை வருஷத்தில் ஒருவர் கேட்டதில்லை. இருந்தாலும் நாலு மிளகாயைக் குறைத்துக்கொண்டேன்.